கலைச்சொல்: கேரிஓவர் குக்கிங் – ‘பின்வேக்காடு’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உணவு தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருப்பதை ஆங்கிலத்தில் ‘கேரிஓவர் குக்கிங்’ என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘எஞ்சுவெப்பச் சமையல்’ என்பதே போதும். பொருள் உடனே புரிகிறது.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் மீன் வேகிறதே, அது வெறுமனே மிச்சம் கிடக்கும் வெப்பத்தின் வேலையன்று. இடம் மாறும் வெப்பத்தின் வேலை. இறக்கும்போது துண்டின் மேற்புறம் கடும் சூட்டில் இருக்கும், நடுப்பகுதி அவ்வளவு சூடேறியிருக்காது. மேலிருக்கும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மையத்தில் 58 டிகிரி செல்சியஸ் இருக்கையில் இறக்கிய தடித்த துண்டு, மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் 62 டிகிரியைத் தொட்டுவிடலாம். மெல்லிய துண்டில் இந்த ஏற்றம் பெயரளவுக்குத்தான்.

ஆட்டிறைச்சியில் நான்கு டிகிரி கூடினால் பெரிதாகத் தெரியாது. மீன் அப்படியல்ல. அதன் தசை இழைகள் குட்டையானவை, அவற்றை இணைக்கும் சவ்வும் மெல்லியது. சற்றே மிஞ்சினாலும் சாறு வெளியேறிச் சக்கையாகிவிடும். உணவகத்தில் ஒரு தட்டு திரும்பி வருவதற்கு அந்த நான்கு டிகிரி போதும். ஆகவே நமக்கு வேண்டிய சொல் வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வேக்காடு எப்போது நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

‘பின்வேக்காடு’ என்பது என் பரிந்துரை. ‘அரைவேக்காடு’ ஏற்கெனவே நம் நாவில் இருப்பதால் இது அந்நியமாக ஒலிக்காது. ‘தொடர்வேக்காடு’ என்று முன்னர் ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் அடுப்பிலேயே விட்டுவைப்பதாகப் பொருள்படும். இரண்டாம் முறை வேகவைப்பதோடு ‘பின்வேக்காடு’ குழம்பும் என்ற ஐயத்துக்கு, அதற்கு ‘மறுவேக்காடு’ இருக்கிறது என்பதே என் பதில்.

இன்னொன்று. பின்வேக்காட்டை நம்பி முன்கூட்டியே இறக்கும் துணிவு, மீன் புதியதாக இருந்தால்தான் சமையற்காரருக்கு வரும். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்திய குழி உடனே மேலெழ வேண்டும். ஐயத்துக்குரிய மீனைக் கூடுதலாக வேகவைத்துச் சரிக்கட்டலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. குளிரில் வைக்காத சூரை போன்ற மீன்களில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள், சமையல் சூட்டில் அழியாது. ஆகவே இக்கலைச்சொல்லின் விளக்கக் குறிப்பில் ‘புதிய மீனுக்கு’ என்ற சொற்களையும் சேர்க்க வேண்டுமென வற்புறுத்துகிறேன்.

கலைச்சொல் வினையாகவும் வளைந்து கொடுக்க வேண்டும் என்பது என் அளவுகோல். ‘அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு நிமிடம் பின்வேக விடவும்’ என்று சமையற்குறிப்பில் எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. ‘எஞ்சுவெப்பச் சமையல்’ என்பதை இதே வாக்கியத்தில் பொருத்திக் காட்ட முடிந்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.