குன்னூரில் மாருதி 800-க்கு நாமே பெயின்ட் அடிக்க என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்) போதுமா?

மலைவண்டி:
வெள்ளை மாருதி 800. கதவு அடியில் துரு, பானட்டில் பெயின்ட் உரியுது. கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைக்கும். செலவு குறைய என்.சி. அடிக்கலாமா? எந்த மாசம் நல்லது?

கோத்தகிரி மெக்கானிக்:
என்.சி. மலிவுதான் தம்பி, ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு ஒத்துவராது. தின்னர் வேகமா ஆவியாகும்போது தகடு குளிரும். காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு பெயின்ட் பால் மாதிரி வெளுத்துடும். மெதுவா ஆவியாகிற ரிட்டார்டர் தின்னர் கலந்தா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பியூ (பாலியூரித்தேன் பெயின்ட்) வாங்குங்க. அதைக் கெட்டியாக்கக் கலக்கிற ஹார்டனர் டப்பாவுல போட்டிருக்கிற அளவுதான், சீக்கிரம் காயணும்னு கூட்டாதீங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர்ல மழை விடாது. பிப்ரவரி, மார்ச்ல வெயில் நாளா பார்த்து 11 மணிக்கு ஆரம்பிச்சு 2 மணிக்குள்ள முடிங்க.

பட்டறைக்காரர்:
பெயின்டைவிட தேய்ப்புதான் முக்கியம். துருவை 80 நம்பர் தாள்ல வெறும் இரும்பு தெரியற வரைக்கும் எடுத்து, அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் (துரு தடுக்கிற அடிப்பூச்சு) அடிங்க. ராத்திரி விட்டா மறுபடி துரு பூக்கும். பள்ளத்தை நிரப்புற பட்டியைத் தண்ணி தொடாம 180 நம்பர் தாள்ல, பிறகு 320-ல தேய்ங்க. பட்டி தண்ணியைக் குடிச்சுக்கும், குளிர்ல அது வெளியே போகாது, பின்னாடி கொப்புளமா எழும்பும். தண்ணி விட்டுத் தேய்க்கிற 600 வாட்டர் பேப்பர் பிரைமருக்கு மேலதான்.

மலைவண்டி:
நன்றிண்ணா. பெயின்ட் எவ்வளவு?

கோத்தகிரி மெக்கானிக்:
வெளிப்பக்கம் மட்டும்னா 2 லிட்டர். கம்ப்ரஸர் டேங்க் தண்ணியை அடிக்கடி வடிச்சுடுங்க. பியூ ஹார்டனர்ல ஐசோசயனேட்னு நுரையீரலைக் கெடுக்கிற ரசாயனம் இருக்கு, கைக்குட்டை கட்டினா பத்தாது; கரி வடிகட்டி மாஸ்க் கட்டாயம்.