பேராலயத்தின் உச்சியிலுள்ள கற்சிற்பங்களை அருகில் காண வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். பாரிஸ் நோத்ரதாம் பேராலயக் கோபுரங்களில் ஏறி, அங்குள்ள கல் விலங்குகளைக் காண விரும்புகிறேன். கீழிருந்து பார்த்தால் அவற்றின் முகம்கூடத் தெளிவாகத் தெரியாது என்கிறார்கள். இடைக்காலச் சிற்பிகளின் கைவேலையை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா?

மறுமொழி 1:
2019 ஏப்ரலில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் மூடப்பட்டிருந்த கோபுரங்கள் 2025 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டன. மேலே செல்ல 424 படிகள் ஏற வேண்டும். அவற்றில் பெரும்பகுதி குறுகலான சுழற்படிகள். முழங்கால் வலியுள்ளவரை அழைத்துச் செல்லாதீர்கள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 2:
போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரு கோபுரங்களுக்கும் இடையிலுள்ள நடைமாடத்தில் நிற்பவை இடைக்காலத்தவை அல்ல. பேராலயம் கட்டத் தொடங்கியது 1163இல். கிமேரா எனப்படும் இவ்வுருவங்களோ 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கட்டடக் கலைஞர் வியோலே லெ துயூக்கின் தலைமையில் நடந்த சீரமைப்பின்போது புதிதாக வடிக்கப்பட்டவை. கன்னங்களை இரு கைகளிலும் தாங்கி, நாக்கை நீட்டியபடி நகரத்தை நோக்கியிருக்கும் அந்தக் கொம்புள்ள உருவமும் அவற்றுள் ஒன்றுதான்.

கார்கோயில் என்பது கிமேராவிலிருந்து வேறு. அது விலங்கு வடிவில் செதுக்கிய மழைநீர்த் தூம்பு. விலங்கின் முதுகில் நீளமாக வெட்டப்பட்ட வாய்க்கால் வழியே கூரையின் நீர் ஓடிவந்து, வாய் வழியாக வெளியே பாய்கிறது. நீர் சுவரில் வழிந்தால் கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணச்சாந்து அரித்துப் போகும் என்பதால்தான் சிற்பிகள் அந்த உடலைச் சுவரிலிருந்து இவ்வளவு தூரம் நீட்டி அமைத்தார்கள். மேலே சென்றதும் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல், அந்த வாய்க்காலையும் தேடிப் பாருங்கள்; பயனும் கற்பனையும் ஒரே கல்லில் எப்படி இணைந்தன என்பது அங்கேதான் விளங்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இடைக்கால வேலைப்பாட்டை, அம்மாவும் பார்க்கும்படி, எங்கே காணலாம்?

மறுமொழி 3:
பிரான்சின் கிழக்கிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குச் செல்லுங்கள். அந்நகரப் பேராலயத்தின் 13ஆம் நூற்றாண்டுச் சிலைகளில் சிலவற்றை வெயிலும் மழையும் சிதைக்காதபடி அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கு மாற்றி, அவை இருந்த இடத்தில் பிரதிகளை நிறுவியிருக்கிறார்கள். கண் கட்டப்பட்டு, முறிந்த ஈட்டியுடன் தலைசாய்த்து நிற்கும் ‘சினகோகா’ என்ற, யூத சமயத்தை உருவகிக்கும் பெண்ணுருவின் மூலச்சிலையை அங்கே கண்ணெதிரே காணலாம். மெல்லிய துணிக்குள் உடல் தெரிவதுபோல் கல்லைச் செதுக்கிய அந்த நுட்பம் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. கூரையின் மேலேயே நடக்க வேண்டுமென்றால் மிலான் பேராலயத்துக்குப் போகலாம். மேல்தளம் வரை மின்தூக்கி செல்கிறது, பளிங்குச் சிகரங்களும் சிலைகளும் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் அங்கும் இடையிடையே சில படிகள் உண்டு.

அதற்காக நோத்ரதாமைக் கைவிட்டுவிடாதீர்கள். பிற்காலத்தவை என்பதால் அந்தக் கிமேராக்கள் தாழ்ந்தவை ஆகிவிடா. அம்மா கீழே பேராலயத்தினுள் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் மேலே ஏறிச் சென்று வாருங்கள்.