19 வயதுத் தம்பிக்குத் தமிழில் பேசும் பகல்நேர மையம் தேவை (வண்டிப்பெரியாறு – கம்பம் பக்கம்)

வணக்கம். என் தம்பிக்கு 19 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடும் உண்டு. கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கிறோம். 18 முடிந்ததும் சிறப்புப் பள்ளியில் நிறுத்திவிட்டார்கள். போன ஜூனிலிருந்து வீட்டில்தான். அம்மாவால் கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை.

தமிழ் மட்டும்தான் புரியும், பேச்சு குறைவு. குக்கர் விசிலோ ஜீப் ஹாரனோ கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கையைக் கடிப்பான். வலிப்பு இல்லை. தானே சாப்பிடுவான். துணி மடிக்கக் கொடுத்தால் ஓரம் பிசகாது, ஜவுளிக் கடைக்காரர் தோற்றார்.

கேரளாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உள்ளாட்சிகள் நடத்தும் பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் உண்டு. ஒன்றில் சேர்த்துப் பார்த்தோம். நல்ல மனிதர்கள்தான், ஆனால் எல்லாம் மலையாளம். சொல்வது புரியாமல் வாசல் கேட் பக்கம் போய் நின்றுகொள்வான், வாரக்கணக்கில் பார்த்தும் மாறவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் ஓரிடத்தில் கேட்டால் கேரள முகவரி என்று தயங்கினார்கள். யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நாடு முழுக்கச் செல்லுமே என்றேன், பலனில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான நிராமயா காப்பீடு இருக்கிறது, அது சிகிச்சைச் செலவுக்குத்தான். பாதுகாவலர் சான்றுக்குக் கலெக்டர் தலைமையிலான குழுவில் மனு கொடுத்தாயிற்று, அது தனிக் கதை.

விடுதி சரிவராது. அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் ராத்திரி தூங்கமாட்டான்.

குமுளியிலிருந்து உத்தமபாளையம் வரை, கேரள முகவரி உள்ளவரையும் சேர்த்துக்கொள்ளும், தமிழில் பேசும் பகல்நேர மையம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?