புதுப்பிப்பு: பழைய ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கியாச்சு

பழைய ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கும்முன் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. வண்டி வாங்கியாச்சு, ஆனால் முதலில் பார்த்தது இல்லை.

கைகொடுத்தது, ‘தார் ரோட்டோடு நிறுத்தாதீர்கள், மண்ணில் இறக்குங்கள்’ என்ற யோசனைதான். முதலில் பார்த்த வண்டியில் ஃபோர்-ஹை (நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் சாதாரண வேக நிலை) போட்டதும் டேஷ்போர்டில் விளக்கு என்னவோ எரிந்தது. ஈர மண்ணில் பின்சக்கரம் மட்டும் சுற்றியது, முன்சக்கரம் அசையவே இல்லை. மெக்கானிக் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் வழிந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. விட்டுவிட்டேன்.

அப்புறம் பார்த்த வண்டியில் ஃபோர்-லோவும் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) சுத்தமாக விழுந்தது; நிறுத்தி, நியூட்ரலில் வைத்துப் போட்டோம். எதிர்பாராதது, ஆர்.சி.யில் இருந்த அடமானப் பதிவு. கடன் எப்போதோ அடைத்தாச்சாம், பதிவை மட்டும் நீக்கவில்லை. வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) அடமானப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் கொடுத்தேன்.