வார்டில் விழும் பெரியவர்கள்: பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதுங்கள்

இரவு டியூட்டி:
மெடிக்கல் வார்டில் பல வருடமாக ஸ்டாஃப் நர்ஸ் வேலை. பெரியவர்கள் விழுவது என்றாலே ஈரத்தரை, தேய்ந்த செருப்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதுவும் உண்டுதான், ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் பாத்ரூம் போகும் வழியில்தான் விழுகிறார்கள், அதுவும் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு. பக்கத்தில் மகனோ மருமகளோ பாயில் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள், 'பாவம், பகல் பூரா அலைஞ்ச பிள்ளை, எதுக்கு எழுப்பணும், நாமே மெதுவா போயிட்டு வந்துடலாம்' என்று இவர் தனியாக இறங்குவார். ஒரு கையில் டிரிப்ஸ் வேறு.

கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டால் கவலையில்லை என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தெளிவாக இருப்பவர், தூக்கத்தில் உருண்டுவிடக் கூடாது என்றால் சரி. எப்படியும் இறங்கியே தீருவேன் என்று குழப்பத்தில் இருப்பவருக்கு அந்தக் கம்பி ஆபத்து, அதன் மேல் ஏறிக் கால் போட்டு, வெறும் கட்டிலிலிருந்து விழுவதை விட உயரத்திலிருந்து விழுவார். அப்படிப்பட்டவருக்குக் கட்டிலைத் தாழ்த்தி வைப்பதுதான் நல்லது.

இன்னொன்று. அட்மிஷன் போடும்போது விழும் அபாயம் எவ்வளவு என்று நாங்கள் மதிப்பெண் போடுவோம், பல இடங்களில் மோர்ஸ் அளவுகோல் என்பதைத்தான் வைத்திருக்கிறார்கள். சமீபத்தில் விழுந்திருந்தால் 25, டிரிப்ஸ் ஓடினால் 20, சுவரையும் மேசையையும் பிடித்து நடந்தால் 30. கூட்டினால் 45 தாண்டும்போது பல ஆஸ்பத்திரிகளில் இவர் விழக்கூடியவர் என்று தெரிய மஞ்சள் பட்டை கட்டிவிடுவார்கள். 'முன்னாடி விழுந்திருக்காரா?' என்று கேட்டால் வீட்டார் சட்டென்று 'அதெல்லாம் இல்ல சிஸ்டர்' என்பார்கள். வீட்டில் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்த ஒரு 'இல்லை'யில் 25 மதிப்பெண் போய், பட்டையும் போய்விடுகிறது. போன மாதம் விழுந்தார் என்றால் விழுந்தார் என்றே சொல்லுங்கள், நாங்கள் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டோம்.

நெல்லை மருமகள்:
சிஸ்டர் சொன்னது அப்படியே எங்கள் மாமாவுக்கு நடந்தது. இதயம் பலவீனம், காலில் வீக்கம், அதற்கு லாசிக்ஸ். ஆஸ்பத்திரியில் இரண்டாவது வேளை மாத்திரையை இரவு எட்டு மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீர் பிரிவதற்கான மாத்திரையைத் தூங்கப் போகும் நேரத்தில் கொடுத்தால் மனிதர் எப்படித் தூங்குவார்? ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போனார், ஒரு தடவை பாத்ரூம் வாசலில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தே விட்டார், நல்லவேளை பக்கத்துக் கட்டில்காரரின் மகன் தாங்கிப் பிடித்தான். காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு காலை ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று என்று மாற்றி எழுதினார். அன்று இரவே வித்தியாசம் தெரிந்தது. நீங்களாக மாத்திரை நேரத்தை மாற்றிவிடாதீர்கள், ஆனால் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கோவை பிசியோ:
மாத்திரைப் பேச்சு வந்ததால் நானும் சேர்த்துக்கொள்கிறேன். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், தூக்க மாத்திரை, இவை மூன்றும் ஒரே ஆளுக்கு இருந்தால் எனக்குக் கொஞ்சம் உதறும். படுத்திருந்தவர் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அவருக்கு எழுந்ததும் ரத்தம் மூளைக்குப் போய்ச் சேர்வதில் சிக்கல் இருக்கிறது என்று பொருள். கண் இருட்டிக்கொண்டு வரும். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், உட்கார்ந்தபடி ஒரு தடவை பார்ப்பதில் இது அகப்படாது.

எழுப்பும்போது முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வையுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், நாலு வார்த்தை பேசுங்கள். தலை சுற்றவில்லை என்றால் அப்புறம் நிற்கலாம். கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்பட்டை கழன்றுவிடும். பலமில்லாத பக்கம் நின்று இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள்.

எனக்கு நிஜமான ஆதங்கம் வேறு. ஒரு தடவை விழுந்ததும் வீட்டார் 'இனிமே கட்டில விட்டு இறங்கவே கூடாது' என்று உத்தரவு போட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் படுக்கவைத்த பெரியவரின் தொடையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சதை அப்படியே கரைந்திருக்கும். அடுத்த விழுகையை நாமே ஏற்பாடு செய்வதுதான் அது. டாக்டர் நடக்கலாம் என்று சொல்லியிருந்தால், கூட ஒருவர் இருக்க, தினமும் கொஞ்சமாவது நடக்கட்டும்.

திருச்சிக்காரன்:
அம்மா விழுந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம். மாப் போட்டுவிட்டுப் போன ஈரத்தில் வழுக்கிவிட்டார். ஓடி வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி 'அட்டெண்டர் எங்கே போனீங்க?'. மருந்துச்சீட்டைக் கொடுத்து என்னைக் கீழே ஃபார்மசிக்கு அனுப்பியதே அவர்கள்தான்!

சரி, அந்தக் கோபம் இருக்கட்டும். அம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்துகொண்டு 'ஒண்ணும் இல்லடா, எதுக்கு எல்லாரையும் கூப்பிடறே' என்றார். வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர். டியூட்டி டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் அந்த மாத்திரைப் பெயரைக் கேட்டதும் நிற்கவே இல்லை, நேராக சிடி ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். மூளையைச் சுற்றி மெல்லிய ரத்தக்கசிவு. வெளியில் ஒரு புடைப்புகூட இல்லை. 'ஒண்ணும் இல்ல' என்பதை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பிசியோ சார், விழுந்தவரை உடனே தூக்கலாமா கூடாதா?

கோவை பிசியோ:
உடனே தூக்காதீர்கள். படுத்த இடத்திலேயே காலைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம், அசைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

மாம்பலம் மகள்:
அப்பாவுக்கு 81 வயது. பகலில் தெளிவாக இருக்கிறார், சாயங்காலம் ஆனால் 'வீட்டுக்குப் போகணும், வண்டி வந்துடுச்சு' என்று இறங்கப் பார்க்கிறார். நேற்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பார்த்து அழுதுவிட்டேன். இது சரியா? இன்னொன்று, யூரின் வந்தால் சிஸ்டரைக் கூப்பிடவே மாட்டேன் என்கிறார், 'நம்ம பேத்தி வயசுப் பொண்ணு, அவகிட்ட எப்படிச் சொல்றது' என்கிறார்.

இரவு டியூட்டி:
கட்டுவது கடைசி வழியாக இருக்க வேண்டும், அதனால் விழுவது குறையும் என்றும் சொல்ல முடியாது, திமிறித் திமிறி இன்னும் குழம்பிப்போவார்கள். திடீரென்று வந்த குழப்பம் என்றால் வயசு என்று விட்டுவிடாமல் காரணம் தேடச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு வருகிறார்கள், கொண்டுவந்து மாட்டிவிடுங்கள். இரவில் ஒரு சின்ன விளக்கு, பழகிய முகம் ஒன்று. சென்னையில்தானே இருக்கிறீர்கள், டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதியோர் நல மருத்துவரிடம் ஒரு தடவை முழுதாகக் காட்டுங்கள். அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் 1978-லேயே முதியோர் பிரிவு தொடங்கினார், கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்தார்கள்.

கூச்சத்துக்கு என் வழி இதுதான். 'யூரின் வருதா, போகணுமா?' என்று கேட்காதீர்கள், 'வேணாம்மா' என்றுதான் பதில் வரும். சாப்பிட்டு முடித்ததும், படுக்கப் போகும் முன், அப்புறம் இரவு ஒரு தடவை அலாரம் வைத்து, 'வாங்கப்பா, போயிட்டு வந்துடலாம்' என்று நீங்களே கிளப்புங்கள். உங்களிடமும் கூச்சம் என்றால் தம்பியையோ வார்டு பாயையோ சொல்லிவையுங்கள். யூரின் கேனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் அவர் கை எட்டும் இடத்தில் மாட்டி, சுற்றி ஸ்கிரீன் இழுத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். பாத்ரூமுக்கே போகிறார் என்றால் உள்தாழ்ப்பாள் போட வேண்டாம், நான் வெளியே நிற்கிறேன் என்று சொல்லுங்கள். இன்று இரவு டியூட்டியில் இருக்கும் சிஸ்டரிடமும் 'சாயங்காலம் ஆனா இறங்கப் பார்ப்பார்' என்று நேரில் சொல்லிவிடுங்கள், பகல் டியூட்டிக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.