பூச்சு இல்லாத பித்தளைப் பேனா கறுத்துப்போகிறது, பச்சையும் படிகிறது: தேய்க்கலாமா, விட்டுவிடலாமா?

கேட்டவர்: கடலோரக் கையெழுத்து, காசிமேடு

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் காவெகோ ஸ்போர்ட் என்ற பித்தளை மைப்பேனா ஒன்று இருக்கிறது. தம்பி துபாயிலிருந்து வந்தபோது வாங்கிக்கொடுத்தான். மேலே லாக்கர் என்னும் வார்னிஷ் பூச்சு எதுவும் அடிக்காத வெறும் பித்தளை.

பாரிமுனையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை. பகல் முழுக்க ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பேன், அதனால் பேனா கையிலேயேதான் இருக்கும். மற்ற நேரத்தில் ஒரு தோல் உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்துவிடுவேன். வந்த புதிதில் தங்கமாக மின்னியது. இப்போது உடம்பு பழுப்பேறிவிட்டது. எட்டுப் பட்டை மூடியில் விளிம்புகள் மட்டும் மஞ்சளாக இருக்க, பட்டைகளின் நடுப்பகுதி கறுத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் இது எனக்குப் பிடித்திருக்கிறது. என்னுடைய பேனா என்று தனியாகத் தெரிகிறது.

ஆனால் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மூடி திருகும் மரையில் பச்சையாக ஏதோ படிகிறது. தோல் உறையின் தையல் படும் இடத்திலும் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். எழுதி முடித்தால் விரலில் காசு வாடை அடிக்கிறது. அம்மா, "புளியும் உப்பும் போட்டு ஒரு தேய் தேய்த்தால் புதுசாகிவிடும், கொடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இணையத்தில் பார்த்தால் சிலர் அவித்த முட்டையோடு டப்பாவில் அடைத்து, வேண்டுமென்றே கறுக்க வைக்கிறார்கள்.

பேனா கெட்டுப்போகிறதா, அல்லது இது இப்படித்தான் இருக்குமா? புளி போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கு, திருவொற்றியூர்

தாராளமாகத் தேய்க்கலாம் சகோதரி. நான் என் பித்தளைப் பேனாவுக்கு அவ்வப்போது பாலிஷ் போட்டுத் துடைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் வாரா வாரம் குத்துவிளக்கு தேய்ப்போம், அதோடு பேனாவுக்கும் ஒரு கை. பித்தளையை அதன் மஞ்சளுக்காகத்தானே வாங்குகிறோம்? கறுத்துக் கிடந்தால் எனக்கு மனசு கேட்காது.

பழைய டர்னர், தண்டையார்பேட்டை

வணக்கம்மா. பெரம்பூர் ரயில்வே பணிமனையில் டர்னராக, அதாவது லேத் என்னும் கடைசல் இயந்திரம் ஓட்டுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். பித்தளையும் கன்மெட்டல் என்னும் வெண்கல வகையும் கடைந்தே காலம் போனது. இப்போது பூச்சில்லாத பேனாக்களாகத் தேடி வாங்கி எழுதுகிறேன். ஒன்று பித்தளை, ஒன்று செம்பு. இரண்டையும் நான் பாலிஷ் போட்டதே இல்லை, போடவும் மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் பேனா கெடவில்லை. அந்தப் பழுப்பு அழுக்கும் இல்லை. காற்றும் கை வியர்வையும் பட்டு உலோகத்தின் மேல் உண்டான மெல்லிய ஆக்சைடு படலம் அது. ஒட்டிப் படிந்துவிட்டால் அடியில் இருக்கும் உலோகம் மேற்கொண்டு மாறுவதை அதுவே மெதுவாக்கிவிடும். தேய்த்து எடுத்தால் புது உலோகம் வெளியே வரும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் துணியோடு போகும். திருவொற்றியூர் அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை, விளக்கு மின்னத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் பழைய குடம் இருந்தால் அதன் கழுத்தில் வெட்டிய பெயரைப் பாருங்கள். பாதி எழுத்து இருக்காது. தேய்த்துத் தேய்த்தே போனது. பேனா மூடியில் வெட்டிய எழுத்துக்கு அந்த ஆழம்கூடக் கிடையாது.

புளிக்கு வருவோம். லேத்தில் ஓடுகிற பித்தளை ராடில் பெரும்பாலும் செம்பு 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மீதி துத்தநாகம். கடையும்போது வரும் உலோகச் சுருள் நீளாமல் உடைந்து விழுவதற்காக 2, 3 சதவீதம் ஈயமும் சேர்ப்பார்கள். புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்தால் கறுப்பைக் கரைத்ததோடு நிற்காது, துத்தநாகத்தையும் அரிக்கும். புளி போட்டு ஊறவிட்ட பித்தளை சில நேரம் மஞ்சளாக வராமல் இளஞ்சிவப்பாக வெளுத்து வரும், பார்த்திருப்பீர்கள். துத்தநாகம் கழன்று செம்பு மேலே தெரிகிறது என்று அர்த்தம். கனமான அண்டாவுக்கு அது ஒன்றும் செய்யாது. பேனா மரையின் முகடு எவ்வளவு மெல்லியது! அது தேய்ந்தால் மூடி ஆடும். மரைப் பள்ளத்தில் உப்பு தங்கினால் அடுத்த மழைக்குப் பச்சை இன்னும் அதிகமாக வரும். எனவே அம்மாவிடம் பேனாவைக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பச்சையை விட்டுவைக்கவும் கூடாது. நான் பார்ப்பது இவ்வளவுதான்: பழுப்போ கறுப்போ வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுவேன். பச்சையாக, பொடியாக, குச்சியால் நெருடினால் உதிர்வதாக இருந்தால் அது களிம்பு, அன்றைக்கே எடுத்துவிடுவேன்.

எடுக்கும் விதம். நிப்பையும் கார்ட்ரிட்ஜ் என்னும் மைக்குழாயையும் தனியே கழற்றிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பழைய மென்மையான டூத் பிரஷ்ஷால் மரையை மட்டும் தேயுங்கள். பள்ளத்தில் இருப்பதை மரப் பல்குச்சியால் சுற்றி வந்து எடுங்கள். ஊசி, பிளேடு வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரில் கழுவாதீர்கள், அதிலேயே உப்பு இருக்கிறது. கேன் தண்ணீர் எடுத்து, மூடியையும் உடம்பையும் அதில் ஊறப்போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். உப்பு வெளியே வர அதுதான் வழி. பிறகு துணியால் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடியைத் திருகினால் பட்ட பாடெல்லாம் வீண்.

காய்ந்த பிறகு எண்ணெய் தடவலாமா என்று கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதன் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து அதுவே பச்சைப் பிசுக்காகிவிடும். வெள்ளை மெழுகுவர்த்தியை மரையில் லேசாக ஓட்டி, துணியால் துடைத்துவிடுங்கள், போதும். உடம்பில் தடவ வேண்டாம், கை வழுக்கும், நிறம் ஏறுவதும் நின்றுவிடும்.

தோல் உறைதான் பச்சைக்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தோலைப் பதனிடும்போது சேரும் அமிலங்கள் அதில் மிச்சம் இருக்கும். கைப்பைக்குள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது பித்தளையைத் தின்னும். தையல் படும் இடத்தில் வரிசையாகப் புள்ளி என்றீர்களே, அதற்கு வேறு சாட்சி வேண்டாம். பருத்தித் துணியில் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள்.

காசு வாடைக்குப் பயப்பட வேண்டாம், வியர்வையும் தோலின் எண்ணெயும் செம்போடு சேர்ந்து வருவது. ஆனாலும் ஈயம் கலந்த உலோகம் என்பதால் சாப்பிடும் முன் கை கழுவுங்கள், யோசிக்கும்போது மூடியைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. பூச்சில்லாத பேனாவில் நிறம் ஒரே சீராக ஏறாது, அதுதான் அதன் அழகு. என் பித்தளைப் பேனாவில் ஆள்காட்டி விரல் அழுத்தும் இடம் எப்போதும் மஞ்சள். கட்டைவிரல் படாத ஒரு பட்டை மட்டும் கருங்காப்பி நிறம். இன்னொருவர் அதே பேனாவை வைத்திருந்தால் இந்தக் கோலம் வராது. செம்புப் பேனா இன்னும் வேகம். கடையிலிருந்து வரும்போது ரோஜா நிறத்தில் இருந்தது, தண்டையார்பேட்டைக் காற்றில் சில நாளிலேயே செங்கல் நிறமாகி, இப்போது பழைய ஒரு பைசாக் காசின் நிறத்துக்கு வந்து நிற்கிறது. எவர்சில்வரிலும் அலுமினியத்திலும் இதை எதிர்பார்க்க முடியாது. அவற்றின் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத படலம், நிறம் காட்டாது.

பாடம் நடத்துபவன், வியாசர்பாடி

டர்னர் ஐயா சொன்னதோடு கொஞ்சம் வேதியியல் சேர்க்கிறேன். பள்ளியில் அந்தப் பாடம்தான் எடுக்கிறேன்.

பச்சை என்று நாம் சொல்வது பெரும்பாலும் செம்பின் குளோரைடு, கார்பனேட் உப்புகள். தோல் உறையால் வருவதில் கரிம அமில உப்பும் இருக்கும். காசிமேட்டில் குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை, கடல்காற்றிலும் இருக்கிறது, வியர்வையிலும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்து இரவில் நம் ஊரில் இது சாதாரணம். அப்போது பேனாவின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர் படலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு மோசமான சுழற்சி உண்டு: செம்பு குளோரைடு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் மறுபடி செம்பைத் தாக்கும். பழைய வெண்கலச் சிலைகளை உள்ளிருந்து அரிப்பதும் இதுவே. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட சிலைகளைக் காப்பாற்றுவதற்காக 1930இலேயே வேதியியல் கூடம் தொடங்கினார்கள். பேனா அந்த நிலைக்குப் போகாது, ஆனால் உப்பை ஊறவைத்து எடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

கறுப்பு வேறு கதை. அதில் கந்தகத்துக்குப் பங்கு உண்டு. பக்கிங்ஹாம் கால்வாயில் தேங்கிய சாக்கடையிலிருந்து அழுகிய முட்டை வாடை வருகிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு. செம்பையும் வெள்ளியையும் அது கறுக்க வைக்கும். அவித்த முட்டை டப்பாவில் நடப்பதும் அதே வினைதான். பேனாவுக்குக் கேடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வரும் கறுப்பு திட்டுத்திட்டாக இருக்கும், கை பட்டு வரும் நிறத்தின் ஆழம் அதில் இல்லை.

அம்மோனியா ஆவியில் வைத்துப் பழசாக்குகிற முறையும் உலவுகிறது. அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டாக் கூடுகள் தானாக வெடிப்பு விட்டன. குதிரை லாயத்து அம்மோனியாவும், கூட்டை அடித்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் விளக்கினார்கள். மெல்லிய தகட்டில் அடித்த மூடிக்கும் அதே ஆபத்து உண்டு.

ரப்பர் பேண்ட் போட்டுப் பேனாக்களைக் கட்டி வைக்காதீர்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் கறுப்பு வளையம் போடும். திருவள்ளூரில் கடைகிற எபோனைட் பேனாக்கள் எனக்கு உயிர், ஆனால் எபோனைட்டும் கந்தகம் நிறையச் சேர்த்த ரப்பர்தான். வெள்ளிப் பேனாவையும் அதையும் ஒரே மூடிய பெட்டியில் வைத்தால் வெள்ளி சீக்கிரம் கறுக்கும்.

கடலோரக் கையெழுத்து, காசிமேடு

ஐயாவுக்கும் சாருக்கும் ரொம்ப நன்றி. கேன் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினேன். மரையில் பச்சை போய்விட்டது, பழுப்பு அப்படியே இருக்கிறது. அம்மா முதலில் நம்பவில்லை. குடத்தில் தாத்தா பெயர் தேய்ந்திருப்பதைக் காட்டியதும் சரி என்று விட்டுவிட்டார். பழைய வேட்டித் துணியில் பையும் அவரே தைத்துக்கொடுத்தார்.

இன்னும் ஒரு சந்தேகம். அலுவலகப் பதிவேட்டுக்குத் தண்ணீர் பட்டாலும் அழியாத மை வேண்டும். பெலிகன் 4001 புளூ பிளாக் வாங்கலாம் என்று இருக்கிறேன். அதோடு, கார்ட்ரிட்ஜில் மை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பேனாவின் உடம்புக்குள்ளேயே நேரடியாக மை ஊற்றிக்கொள்ளலாமா?

பழைய டர்னர், தண்டையார்பேட்டை

உடம்புக்குள் மை ஊற்றவே கூடாதம்மா. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதற்காகத்தான் முன்பெல்லாம் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். துருத்தியோடு தெருவில் வருவாரே, ஈயம் பூசுகிறவர், அவரைப் பற்றி அம்மாவைக் கேளுங்கள். உங்கள் பேனாவுக்குள் அந்தப் பூச்சு இல்லை. மை நேராகப் பித்தளையில் நின்றால் உலோகமும் அரிக்கும், மையின் நிறமும் மாறும், கசடு போய், நிப்புக்கு மை கொண்டுபோகும் ஃபீடை அடைக்கும்.

நீங்கள் சொல்லும் புளூ பிளாக் இரும்பு கலந்த மை, அமிலம் உள்ளது. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும்வரை பிளாஸ்டிக்தான் அதைத் தாங்குகிறது. ஆனால் பைக்குள் ஆடும்போது நிப்பைச் சுற்றிக் கசிந்து, பிடிக்கும் பகுதியின் வாயில் பித்தளை மேல் படும். அங்கேதான் முதலில் அரிக்கத் தொடங்கும். பதிவேட்டுக்கு அந்த மையை ஒரு எபோனைட் பேனாவிலோ பிளாஸ்டிக் பேனாவிலோ போட்டு அலுவலகத்திலேயே வைத்துவிடுங்கள். பித்தளைக்குச் சாதாரண ராயல் புளூ போதும். தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் கழுவி, ஊசியில்லாத மருந்து சிரிஞ்சால் நிரப்பிக்கொள்ளலாம். பிடிக்கும் பகுதியின் வாயில் மை ஒட்டியிருந்தால் மூடும் முன் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.