அச்சடித்த பணத்தில் அடிப்படை வருமானமா? வாழைமர நோட்டை மறந்துவிட்டீர்களா?

பள்ளத்தூரான்:
தேவகோட்டை ஆசிரியர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அடிப்படை வருமானமாக மாதம் 1,000 ரூபாய் கொடுக்கலாம், அதற்கு வரியும் வேண்டாம், கடனும் வேண்டாம், ரிசர்வ் வங்கி புதுப் பணத்தை உண்டாக்கி அரசின் கணக்கில் வரவு வைத்தால் போதும் என்கிறார். 140 கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 16.8 லட்சம் கோடி ரூபாய் ஆகும். பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுதிய பேரேட்டை எங்கள் கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையன்கூட ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். எங்கள் ஐயா மலாயாவின் பினாங்கில் கொடுத்திருந்த கடனையெல்லாம், போரில் ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், அவன் வாழைமரப் படம் போட்டு அடித்த வாழைமர நோட்டாகத்தான் திருப்பிக் கட்டினார்கள். அந்த நோட்டுக் கட்டு இன்றும் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறையில் கிடக்கிறது.

தேவகோட்டை ஆசிரியர்:
வாழைமர நோட்டு குப்பையானது அச்சடித்ததால் அல்ல. 1945இல் ஜப்பான் தோற்றதால். திரும்பி வந்த ஆங்கிலேயர் அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான். தோற்றுப்போன படையின் காசையும் ஒரு குடியரசின் ரூபாயையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே அடிப்படை வருமானமாக ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று கணக்கிட்டுப் பார்த்திருக்கிறது.

பள்ளத்தூரான்:
அந்த அறிக்கை, இருக்கிற மானியங்களுக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமா என்று ஆராய்ந்தது. நோட்டடித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. ஜப்பான் தோற்பதற்கு முன்பே அந்த நோட்டுக்கு மதிப்புப் போய்விட்டது. பின்னாளில் அச்சிட்டவற்றில் தொடர் எண்கூட இல்லை. எவ்வளவு அடித்தோம் என்ற கணக்கே வேண்டாம் என்று நினைத்தவர்களின் காசு அது. 1948இல் மலாயாவில் வந்த கடன் சட்டம், ஆக்கிரமிப்புக் காலத்திலேயே அந்தக் காசின் மதிப்பு படிப்படியாக எப்படி இறங்கியது என்பதற்கு ஓர் அட்டவணையே வைத்திருந்தது. தோல்விதான் காரணம் என்றால் அந்த அட்டவணை எதற்கு?

தேவகோட்டை ஆசிரியர்:
பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) மலாயாவுக்கு வரவேண்டிய அரிசி போரினால் சரியாக வந்து சேரவில்லை, அதனால் விலை ஏறியது. சரக்கு இல்லாத ஊரில் எந்தக் காசு நிற்கும்?

கோட்டையூர் ஆச்சி:
எங்கள் தெருவில் 2023 செப்டம்பரிலிருந்து பெண்கள் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தால் காரைக்குடிச் சந்தையில் விலை ஏறியதாக நான் பார்க்கவில்லை. மலாயாவில் கடன் கொடுத்தவர் இழந்ததையே பேசுகிறீர்களே, வாங்கியிருந்தவரும் அந்தக் காசைத்தானே கூலியாக வாங்கினார்? அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளத்தூரான்:
ஆச்சி, அது மாநில அரசு தன் வருவாயிலும் கடனிலும் கொடுப்பது. மாநிலம் நோட்டடிக்க முடியாது. எங்கள் ஐயா யாருடைய அடுப்பையும் அணைக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் தவணை தள்ளிக் கொடுத்தவர். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

கோட்டையூர் ஆச்சி:
ஐயாவை இங்கே முதலில் கொண்டுவந்தது நீங்கள்தான்.

தேவகோட்டை ஆசிரியர்:
1997 வரை மத்திய அரசு தற்காலிகக் கருவூல உண்டியல்கள் என்ற குறுகிய காலக் கடன் பத்திரங்களைக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடமிருந்து பணம் பெற்றுத்தான் வந்தது. அத்தனை ஆண்டுகளில் ரூபாய் வாழைமர நோட்டாகிவிட்டதா?

பள்ளத்தூரான்:
கட்டுக்கடங்காமல் போனதால்தான் அதை நிறுத்தினார்கள். 2003இல் இயற்றிய நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, 2006 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி அரசின் கடன் பத்திரங்களை நேரடியாக வாங்கவும் கூடாது. பணமதிப்பிழப்பின்போது என்னைக் கணக்குத் தெரியாதவன் என்று இதே இடத்தில் எழுதினீர்கள். இன்றுவரை அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. இப்போது கணக்கைக் காட்டினால் சயாம் அரிசிக்குப் போய்விடுகிறீர்கள்.

தேவகோட்டை ஆசிரியர்:
நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நாடாளுமன்றமே திருத்தலாம். ஜப்பான் தோற்றதால்தான் அந்த நோட்டு செல்லாமல் போனது என்பதில் மாற்றமில்லை. அந்தச் சொல்லிலும் மாற்றமில்லை.

பள்ளத்தூரான்:
ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூருக்கு வாருங்கள். கட்டைப் பிரித்து உங்கள் முன்னால் வைக்கிறேன். தொடர் எண் எத்தனை நோட்டில் இருக்கிறது என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.